ஏரியில் இருபத்துநான்காவது ஆள்

வைகாசி 5, திங்கள்
காலை ஏழுக்கே வெயில். வாலிகண்டபுரம் கோபுரமே நிழல் தேடி நகர்ந்திருக்கும். நூறு நாள் வேலை, எங்கள் ஏரியில் தூர் எடுப்பு. பெண்கள் 22, ஆண் அடியேன் ஒருவன். முதுகு வளையாததால் எனக்குக் குடிநீர் இலாகா. குடம் 2, டம்ளர் 1 (நசுங்கியது).

பொறுப்பாளர் என் அக்கா மகள் மலர். தினம் இரண்டு வேளை எல்லோரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்து, போனில் ஏற்ற வேண்டும். இன்று ஏற்றியதும் ஆபீசிலிருந்து அழைப்பு. பெயர் 23, தலை 24.

பெரிதாக்கிப் பார்த்தோம். பின்வரிசை ஓரத்தில் ஒருத்தி. ரவிக்கை இல்லை. தலையில் கவிழ்த்த கூடை. முகம் வெளிச்சத்தில் வெளுத்திருக்கிறது. எங்களில் யாரும் இல்லை.

மலர் என்னைத்தான் பார்த்தாள். "மாமா, போன்ல என்ன பண்ணி வச்சீங்க?"

அநியாயம். எனக்கு போனில் டார்ச் அடிக்கவே தெரியாது.

6, செவ்வாய்
இரு வேளையும் 24. அதே பெண். நேரில் எண்ணினால் 23. நாற்பது முறை எண்ணினேன். (நான்கு.)

பழி என் மேல். ஏரி நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் திட்டு, யாரும் தொடாதது. அதன் அடியில் சோழராஜாவின் தங்கப் பல்லக்கு, காவலுக்கு ஏழு பெண் பேய்கள் என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொன்னவன் நான். ஏழும் சொந்தத் தயாரிப்பு. இவள் அதில் இல்லை. நான் செய்த பேய் எதற்கும் கூடை கொடுக்கவில்லை.

மாலை ஆபீஸ் சார் போனில் மலரைத் திட்டினார். போலி ஆள் சேர்க்கிறாளாம். வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேறு பொறுப்பாளர். அவளை இந்த வேலைக்கு அனுப்பச் சொல்லி அக்காவிடம் மூன்று யுகம் மன்றாடியவன் நான். சாப்பாடு இறங்கவில்லை. தோசை நான்கு மட்டும்.

7, புதன்
எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். பல்லக்கு பொய், பேய்கள் பொய். ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. அதுதான் வலித்தது.

மண் வேலையிலேயே தலை நரைத்த அஞ்சலை போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"வேல முடிச்சவதான் கூடய கவுத்துப்பா. இவ முடிச்சிட்டா. எல்லாப் படத்துலயும் தல எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பாருங்கண்ணே."

திட்டின் பக்கம்.

இன்றைக்கும் நாங்கள் குழி வெட்டினால், ஆழம் தெரிய நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் விடுவோம். அளந்த பிறகுதான் அதை வெட்டிச் சாய்ப்பது. அளக்கும்வரை ஒருவரும் தொடமாட்டோம்.

"ஏரி வெட்டுன காலத்துல வுட்ட திட்டு அது," என்றாள் அஞ்சலை. "இவ வேலய அளக்க யாரும் வரல."

என்னிடம் நல்ல நக்கல் ஒன்று இருந்தது. விழுங்கிவிட்டேன்.

8, வியாழன்
மேகம், காற்று. காலையும் 24. மலர் திட்டை அளக்க டேப்பை எடுத்தாள். மறுமுனை பிடித்தது நான். ஐந்தரை அடி. (இதில் கூட்டவில்லை.)

அளவு நோட்டு பறக்காமலிருக்க அவள் வைப்பது ஒரு நத்தைக்கல், நத்தை சுருண்டு கல்லானது போல, இந்த மண்ணிலேயே கிடைத்தது. அதை நகர்த்திவிட்டு எழுதினாள். பெயருக்கு இடம் விட்டாள். பிறகு எங்கள் எல்லோரிடமும் பேசும் அதே குரலில், திட்டைப் பார்த்து:

"அளந்தாச்சுக்கா. நீங்க போலாம்."

22 பேரும் வெட்டினார்கள். மதியத்துக்குள் தரைமட்டம். அடியில் பல்லக்கு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பார்த்தேன்.

மதியம் சிக்னல் போய்விட்டது, போட்டோ எடுக்கும் ஆப் திறக்கவே இல்லை. நாளைதான் தெரியும். மாலையெல்லாம் கால் தானாக ஆடுகிறது. அக்கா திட்டுகிறாள்.

9, வெள்ளி
தூறல். காலை போட்டோ. பின்வரிசை ஓரத்தில் கருவேலமரம் மட்டும். 23.

ஆபீஸ் சார் அழைத்தார். இப்போது சரி, யாரை நீக்கினாய் என்றார்.

"யாரையும் நீக்கல சார். வேல முடிஞ்சுது, போயிட்டாங்க."

மலர் வேலையில் இருக்கிறாள். அக்கா வீட்டில் கேசரி.

கூடைக்காரி நான்கு நாள் வெயிலிலும் காற்றிலும் நின்றாள். குடிநீர் இலாகா என்னுடையது. ஒரு டம்ளர் நீட்டத் தோன்றவில்லை.