ஒற்றை இறக்கை டிராகன்

ஆஷ்லாந்து, விஸ்கான்சின்
பிப்ரவரி, ஞாயிறு

அன்பு மகள் சோல்வெய்க்குக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் நீ நண்டுக் கப்பலிலும் கரையிலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையடி. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே இருக்கிறார், "நண்டுப் பருவம் முடியட்டும், அவகிட்ட வாயத் தொறக்காத" என்று மிரட்டுகிறார், அதனால் சர்ச்சுக்கு வந்த இடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் சனிக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியும், நரைத்த தலைகளெல்லாம் மந்திரவாதி, குள்ளன் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு நம் நிலவறையில் பகடை உருட்டிக் கதை கட்டி விளையாடுவார்கள், அந்தக் கதையில் வரும் பூதம் பேய்களை அப்பா வரைந்து மேஜையில் வைப்பார், பிறகு இணையத்தில் அந்த விளையாட்டுக்குப் படம் வரைகிறவர்கள் கூடும் இடத்தில் போடுவார். போன கோடையிலிருந்து அவர் படங்கள் ஒரு மாதிரி மாறின. உருவம் வலது ஓரத்தில் நிற்கும், இடது பக்கம் வெறும் காகிதம். தபால்கார ரூடி அதைப் பார்த்துவிட்டு, "பாதி ஒடம்பு இருட்டுல கரைஞ்சு போகுதுடா ஹார்லன், மெரட்டிட்ட" என்று முதுகில் தட்டினான். இணையத்திலும் அப்படித்தான், புது பாணி, துணிச்சல் என்று ஒரே புகழ். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, எனக்கும் பெருமைதான். வண்டியை கராஜ் கதவின் இடது கம்பத்தில் உரசியதையும், தட்டில் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டதையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் போர்ச்சுகலிலிருந்து பிலிப்பா என்று ஒரு பெண் அவர் போட்ட டிராகன் படத்தின் கீழே எழுதினாள். "ஐயா, உங்க பழைய படங்களத் திரும்பத் திரும்பப் பாக்குறவ நான். இப்பல்லாம் எந்தப் படத்துலயும் இடது பக்கம் இல்லியே. இந்த டிராகனுக்கு ஒரு எறக்கதான் இருக்கு. வேணும்னே விட்டீங்கன்னா மன்னிச்சிடுங்க. இல்லேன்னா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட போங்க, எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது." இப்படி எழுதியிருந்தாள். உடனே மற்றவர்கள் அவள்மேல் பாய்ந்தார்கள், பெரிய ஓவியருக்கே பாடம் நடத்துகிறாயா என்று. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மூலப்படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீயே சொல்லு ஆர்லின், ரெண்டு எறக்கையும் கண்ணு முன்னால இருக்குல்ல? அவளுக்குத்தான் பார்வ கெட்டுப்போச்சு" என்றார். நான் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன், இடது கன்னத்தில் மட்டும் சவரம் செய்யாத தாடி.

டுலூத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூளையின் வலப்புறத்தில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம், இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை மறந்துவிட்டதாம். வசந்தத்தில் ஏரியில் பனி உடையும்வரை இருந்தால் அதுவே அதிகம் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ரூடி நம் கராஜில் நின்று குழந்தை மாதிரி அழுதான், "அவனுக்கு என்னமோ ஆகுது, நாங்க கை தட்டிக்கிட்டு இருந்தோமே" என்று. அப்பாதான் அவனைத் தேற்றினார். "விடுடா, சீக்குக்கும் ரசிகருங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுதே" என்று சிரித்தார். பிலிப்பாவுக்குப் பதில் போடச் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். "நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, நீ ஒருத்திதான் முழுசாப் பாத்த. உன்னத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கம்மா." அவ்வளவுதான்.

கூட்டம் இன்னும் வருகிறது. படமும் வரைகிறார். பாதி வரைந்ததும் வெறும் பக்கம் அவருக்கு வலப்புறம் வரும்படி ரூடி காகிதத்தைத் திருப்பி வைக்கிறான், மறுபாதி தலைகீழாக வந்து விழுகிறது, ஒரு இறக்கை வானத்துக்கு, ஒன்று தரைக்கு. நேற்று அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தவர் எடுக்கவே இல்லை.

நண்டு எங்கேயும் போய்விடாது, கப்பல்காரரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. நான் எழுதியதைச் சொல்லாதே, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல். சாலையெல்லாம் பனிக்கட்டி, நீயாக வண்டி ஓட்டாதே, ரூடி வந்து அழைத்து வருவான். கர்த்தர் உன்னைக் காத்து, காலத்தில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும் அவருக்கு வலது பக்கம் போய் நில், அங்கேதான் உன்னைத் தெரியும். அழுகை வந்தால் சத்தம் போடாமல் இடது பக்கம் வந்துவிடு. நான் அங்கேதான் இருப்பேன்.

உன் அம்மா,
ஆர்லின்