நான் அடித்த கோடு

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்பும் மனசும் சரியாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நீ அப்பாவோடு அரை மணி நேரம் பேசுவாய், என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பாய், நான் ஆச்சு என்பேன், அதோடு நம் பேச்சு முடிந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை. அது ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இந்த மூன்று மாதத்தில்தான் உறைத்தது. அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாச்சு, போட்டுக்கொண்டால் என் குரல்தான் அதிகமாகக் கேட்கிறதாம், கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். உன் தம்பிக்குப் பணிமனையில் இப்போது பகல் வேலை, அவன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பேசும்போது காற்று மட்டும் வருகிறது, ஆனாலும் பேச்சை நிறுத்துவதில்லை. குழாய் ஒழுகுவதைச் சரி செய்ய வந்தவன் பாதியில் விட்டுப் போய்விட்டான். இப்படியே எழுதிக்கொண்டு போனால் தாளும் தீர்ந்துவிடும், எனக்குத் துணிச்சலும் போய்விடும். சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நான் இருபத்திரண்டு வருஷம் ஆபீஸில் வேலை பார்த்த இளையோர் படை, நீயும் சீருடையும் விசிலுமாகச் சனிக்கிழமைதோறும் அணிவகுத்த அதே படை, அதன் மேல் பதினொரு பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சிறு வயதில் முகாம்களில் கேப்டன் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார், அது தெரிந்தும் படை மூடி மறைத்தது என்பது வழக்கு. கேப்டன் என்று நீங்கள் எல்லோரும் கூப்பிட்ட அந்த முகாம் பொறுப்பாளர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அதனால் பதில் சொல்ல வேண்டியது படைதான். விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மாளைப் போட்டிருந்தார்கள், அந்தக் காலத்து ஆபீஸ் எழுத்தர் என்று எனக்கும் சாட்சி சொல்ல அழைப்பு. கூடவே வழக்குப் போட்டவர்களின் பட்டியலும் இருந்தது. முதல் பெயர் உன் சிநேகிதியுடையது. பல் எடுப்பாக இருக்கிறது என்று நீங்கள் முயல் முயல் என்று கூப்பிடுவீர்களே, அவள். அந்தத் தாளை நான் டீத்தூள் டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் படையின் வக்கீல் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார், டீயும் குடித்தார். அவர் சொன்னது இவ்வளவுதான். "ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. இருபத்தாறு வருஷம் ஆச்சு, உங்க வயசுக்கு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணோட அம்மா புகார் கொடுத்ததா சொல்ற கடிதமே எங்ககிட்ட இல்ல." யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். காது மெஷின் பையில் இருக்கிறது, அப்பாவுக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "உனக்கா ஞாபகம் இல்ல? நம்ம கல்யாணத்துல எவன் என்ன கலர் சட்டை போட்டுட்டு வந்தான்னு இன்னிக்கும் சொல்றவ நீ" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது சின்னு. உனக்குப் பதினொரு வயசு. ஏரிக்கரை முகாமுக்குப் போய்வந்த மறுவாரம், நான் உன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, கேப்டன் முயலை மட்டும் தனியா சாமான் ரூமுக்குக் கூப்பிடறாரு. அவ அழுதுட்டே திரும்பி வர்றா. அவரு நல்லவர் இல்லம்மா" என்றாய். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. எப்போது, எத்தனை தடவை, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரியவர்களைப் பற்றி இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று சத்தம் போட்டேன். அதோடு விட்டேனா, மறுநாள் ஆபீஸில் படைத் தலைவரிடம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாயைப் பாருங்கள் சார் என்று, நீ சொன்னதை வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க பொண்ணுக்கு வாய் நீளம். இது வெளியில போனா படை பேரு என்ன ஆகும்? கேப்டன்கிட்ட அவளை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மாதம்தான் என்னைத் தலைமை எழுத்தராகப் போடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, அதற்காக இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை அணிவகுப்பு முடிந்ததும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால், பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உன்னைச் சொல்ல வைத்தேன். நீ குனிந்து ஷூ லேஸையே பார்த்துக்கொண்டு சொன்னாய். கேப்டன் உன் தலையைத் தடவி ஒரு மிட்டாய் கொடுத்தார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிற அம்மா என்று பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்குத் தலைவலியோ வயிற்று வலியோ வரும், நான் மாத்திரை கொடுத்து அனுப்பி வைப்பேன்.

அதற்கு எட்டு மாதம் கழித்து முயலின் அம்மா ஆபீஸுக்கு வந்தாள். சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள், ஞாபகம் இருக்கிறதா, நீராவி பட்டுக் கையெல்லாம் கொப்புளமாக இருக்கும். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, "நீங்க படிச்சவங்க, எழுத்துப் பிழை இருந்தா திருத்திக் கொடுங்க" என்றாள். நான் படித்தேன். அவள் மகள் என்னென்ன சொன்னாளோ எல்லாம் அதில் இருந்தது. நான் இரண்டு பிழை திருத்தினேன். பிழை திருத்தினேன் சின்னு, அதைத்தான் செய்தேன். பிறகு தபால் ரிஜிஸ்தரில் நம்பர் போட்டு, முகாம் பற்றிய புகார் என்று எழுதி, தலைவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லி, "இந்த வரி வேண்டாம்மா" என்றார். நான் ஸ்கேல் வைத்து, மை தீற்றாமல், நேராக ஒரு கோடு அடித்தேன். இரண்டு வாரத்தில் கேப்டன் தானாக ராஜினாமா செய்ததாக ஏற்பாடு ஆனது, பிரிவு உபசாரமும் நடந்தது, அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் டைப் அடித்ததும் நான்தான். தலைவர் இரண்டு வரிதான் சொன்னார். மொட்டையாக இருக்கிறதே என்று மூன்றாவது வரி நானாகச் சேர்த்தேன். குழந்தைகள் மீது தனிப் பிரியம் கொண்டவர் என்று. நல்லா எழுதறீங்கம்மா என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கேப்டன் வேறு ஊர்க் கிளையில் சேர்ந்தார். பதினொரு பேரில் நாலு பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

இரண்டு மாதத்துக்கு முன் விசாரணைக்குப் போனேன். அப்பா கூடவே வந்தார், மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அந்த அறை. நீதிபதி அம்மாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி வைத்தார். பழைய சாமான் அறையில் கூடாரத் துணிகளுக்கு அடியில் கிடைத்ததாம். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்தும் நன்றாகவே தெரிந்தது. இது யார் எழுத்து என்று கேட்டார், என்னுடையது என்றேன். கோடு யார் அடித்தது என்றார். அதுவும் நான்தான் என்றேன். யார் சொல்லி அடித்தீர்கள் என்று கேட்டபோது, "தலைவர் சொல்லி. ஆனா ஸ்கேலை எடுத்தது நான்தான்" என்றேன். படையின் வக்கீல் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் சொன்னேன், உன்னை இழுத்துக்கொண்டு போனது, சான்றிதழின் மூன்றாவது வரி, ஒன்றும் விடவில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அங்கே அழுவதற்கு உரிமை உள்ளவர்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வராந்தாவில் முயல் நின்றுகொண்டிருந்தாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள், வேலையிலிருந்து நேரே வந்தவள் போலக் கையில் கடிகாரத்தைத் திருப்பிக் கட்டியிருந்தாள். அவள் அம்மா போன வருஷம் போய்விட்டாளாம். நான் கைகூப்பினேன். அவள் அதைத் தடுக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. "உங்க பொண்ணு ஒருத்திதான் ஆன்ட்டி அன்னிக்கு எனக்காகப் பேசினா. அவ மன்னிப்புக் கேட்டப்போ நான் மூணாவது வரிசையில நின்னுட்டு இருந்தேன். சொன்னா இதுதான் நடக்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மா கண்டுபிடிக்கற வரைக்கும் எட்டு மாசம் நான் வாயைத் திறக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நோயாளியின் உறவினரிடம் விவரம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அந்த எட்டு மாதத்தை நான் தினமும் எண்ணுகிறேன். சனிக்கிழமை மட்டும் முப்பத்தைந்து வருகிறது.

வழக்கு இழுக்கவில்லை. நான் சொன்ன பிறகு படை தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது, பதினொரு பேருக்கும் நஷ்டஈடும், மனநல மருத்துவச் செலவும் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே, அணிவகுப்பு நடந்த அதே மைதானத்தில், பெற்றோர்களைக் கூப்பிட்டு வைத்து, மன்னிப்பைப் படித்தார்கள். படையின் மண்டபத்துக்கு வைத்திருந்த தலைவரின் பெயரையும் எடுத்தாயிற்று. அவர் எண்பத்து நாலு வயசில் சக்கர நாற்காலியில் இருக்கிறார், பேங்கில் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். பழைய ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை, படையைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். புதிய செயலாளர் சின்ன வயசுப் பெண், எல்லா அறைக் கதவிலும் தச்சரை விட்டு ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்திருக்கிறாள், ஒரு பெரியவர் தனியாக ஒரு குழந்தையோடு இருக்கக் கூடாது, புகார் வந்தால் ஆபீஸுக்கு வராமல் நேரே வெளியிலுள்ள அதிகாரிக்குப் போய்விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாள். தொண்டர்களுக்கு வகுப்பு நடத்துகிறாள், அதில் பேச என்னைக் கூப்பிட்டாள். நான் தகுதியானவள் இல்லை என்றேன், "அதுக்காகத்தான் கூப்பிடறேன்" என்றாள். போனேன். ஒரு குழந்தை வந்து சொன்னால் முதலில் என்ன செய்யணும் என்று ஒரு பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். கேளுங்க, நான் கேட்கல என்றேன். தம்பி மகள் தானும் படையில் சேரணும் என்கிறாள், ஒரு வருஷம் போகட்டும் என்று தம்பி சொல்லிவிட்டான்.

சின்னு, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அப்படிக் கேட்டால் இன்னொரு முறை உன்னை வரிசைக்கு முன்னால் நிறுத்துகிற மாதிரி ஆகிவிடும். நீ சொன்னது பொய் இல்லை, பொய் சொன்னது நான். இதை அப்பாவிடமும் தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அந்த வகுப்பில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னேன், கடைசியாகத்தான் உன்னிடம் சொல்கிறேன், அதுவும் என் கோழைத்தனம்தான். ஆனால் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இத்தனை பக்கமும் அதைச் சுற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று நீ சொல்ல வந்தது முயலைப் பற்றி மட்டும்தானா? உனக்கு ஏதாவது நடந்ததா, முன்போ, பிறகு நான் மாத்திரை கொடுத்து அனுப்பிய அந்தச் சனிக்கிழமைகளிலோ? கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று இருபத்தாறு வருஷம் பயந்தேன். இப்போது கேட்கிறேன். என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, மாப்பிள்ளையிடம் சொல், டாக்டரிடம் சொல், முயலின் போன் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவளிடம் சொல், சொல்லப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. என்னிடம் சொன்னால் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. குளிர்காலம் வருகிறது, உனக்கு மூச்சிரைப்பு வருமே, மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அப்பாவுக்கே போன் பண்ணு, என்னைக் கூப்பிடத் தோன்றாவிட்டால் கூப்பிட வேண்டாம், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பெற்றும் உன் பேச்சைக் கேட்காத
அம்மா