நப்லா சொன்ன சின்ன கார்டு

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் மோகனராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் ஆண்டவன் அருளால் சுகம், நீயும் அந்த டோஹா வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்காலுக்குப் பேராதனை கிளினிக்கில் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது கையைப் பிடிக்காமல் படி ஏறுகிறாள். தங்கச்சி பிரேமிளாவுக்கு மொழிபெயர்ப்பு வேலை நிறைய வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுகிறோமே, இதற்கு ஏன் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன், உன் முகம் தெரிந்ததும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பிரேமிளாவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

தங்கச்சி ஒரு திரையில் சிங்களக் காணி உறுதிப் பத்திரத்தையும் மற்றத் திரையில் தமிழையும் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு திரை மாட்டத்தான் இடம் இருக்கிறது, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று பார்த்து வாங்குங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா. அவளையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் லிகிதராக எழுத்து வேலை பார்த்தவனுக்கு ஒரு சாமான் வாங்கத் தெரியாதா என்று தனியாக டவுனுக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையில் நப்லா என்று ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை, பிரேமிளாவைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும், சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அது என்னிடம் பொறுமையாகக் கேட்டது. என்ன வேலைக்கு, திரை இரண்டின் பின்னாலும் எந்த மாதிரி வயர், கம்ப்யூட்டர் பெட்டி எவ்வளவு பெரிது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு கார்டை எடுத்து வைத்தது. "எழுதுற வேலைக்கு இது காணும் அங்கிள். பின்னால ரெண்டு ஓட்டை இருக்கு, ரெண்டு திரைக்கும் சரி. பெருசு வாங்கினா உங்கட பெட்டிக்குள்ள போகாது, பவர் சப்ளையும் தாங்காது" என்றது. எல்லாம் சரியாகத்தான் சொன்னது. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் தன் மகன் கேம் விளையாட என்று மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தான், அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பன்வில தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவனுக்கு இவ்வளவுதான் முடியும் என்று அந்தப் பிள்ளை நினைத்துச் சின்னதைக் காட்டுகிறது என்று எனக்குப் பட்டது. அது அப்படி நினைக்கவே இல்லை, நினைத்தது நான். "என் மகன் கத்தார்ல இருக்கான், அந்தப் பெருசையே குடுங்க" என்றேன். அது இரண்டு தடவை வேண்டாம் என்றது. கடைசியில் பில்லின் பின்பக்கத்தில், பவர் சப்ளையைப் பார்க்காமல் கார்டைப் பூட்ட வேண்டாம் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து, பிரேமிளா தபால் கந்தோருக்குப் போயிருந்த நேரம் நானே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கார்டு உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த தகட்டை வளைத்து அழுத்திப் பூட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தம், பிறகு கருகிய மணம், அவ்வளவுதான். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய காணி உறுதி அவளுக்கு அதற்குள்தான் இருந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு என்னை ஏசவில்லை. "கேட்டு வாங்கினீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். கடையில் இருந்த பிள்ளைதான் இதைத் தந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். மகளுக்கு முன்னால் முட்டாளாக நிற்க முடியவில்லை. அன்று பின்னேரம் நீ போனில் யார் தந்தது என்று கேட்டபோது பெயரையும் சொன்னேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் முதலாளி நிஸாமிடமும் அதையே சொன்னேன். அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார். நான் சின்னதுதான் எடுத்துக் காட்டினேன், பில்லிலும் எழுதிக் கொடுத்தேன் என்று அது சொன்னது. முதலாளி பில்லைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். என் சட்டைப் பையில்தான் இருந்தது மகன். முதலாளி எல்லாருக்கும் முன்னால் அந்தப் பிள்ளையை ஏசிவிட்டு, இனி மேல்மாடி ஸ்டோரில் நில்லு என்று அனுப்பினார். அது அழவில்லை, ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனது. பெரிய கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு சின்னதையும், கருகிப்போனதற்குப் பதிலாகப் புதிய பவர் சப்ளையையும் சும்மா தந்தார்கள். வீட்டில் இரண்டு திரையிலும் வெளிச்சம் வந்தது, காணி உறுதியும் அழியாமல் இருந்தது. பிரேமிளா சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு காலையில் அவள் கம்ப்யூட்டரைப் போடும் நேரம் நான் அந்த அறையில் நிற்பதில்லை.

இதை நானாகவே சொல்ல வந்தேன் என்று நினைக்காதே. வியாழக்கிழமை அம்மா நான் டவுனுக்குப் போடும் அந்தச் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பில்லைக் கண்டு பின்பக்கத்தைப் படித்திருக்கிறாள். தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் காணாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். ஆட்கள் நின்றார்கள், அவர்கள் போகும்வரை நிற்கப் பார்த்தேன், பிறகு ஆட்களுக்கு முன்னால்தானே அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கியது என்று நினைத்து, பில்லை மேசையில் வைத்து, நான் பொய் சொன்னேன் என்று முதலாளியிடம் சொன்னேன். பவர் சப்ளையின் விலையைக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். பிறகு நப்லாவைக் கீழே கூப்பிட்டார். "பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி, பிழை என்னோடது" என்றேன். பரவாயில்லை என்று சொல்லும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அது சொல்லவில்லை. "நெட்ல இருக்கிற கடைப் பேஜ்ல என்ட பேரப் போட்டு எழுதியிருக்காங்க அங்கிள். வயசான ஆக்கள ஏமாத்துறன் எண்டு. எங்கட உம்மாவும் பாத்துட்டாங்க. அத எடுக்கச் சொல்லுங்க" என்றது. அவ்வளவுதான் கேட்டது.

அதை எழுதியது நீதான் என்று பிரேமிளாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன்மேல் பிழை இல்லை, நீ அப்பாவின் சொல்லை நம்பினாய். என்மேல் கோபம் வரும், வரட்டும், எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு முதல் இந்த வேலையைச் செய். எழுதியதை அழித்துவிட்டு அந்த இடத்திலேயே, நப்லா சரியான கார்டைத்தான் காட்டினார், என் அப்பா அதைக் கேட்காமல் வேறொன்றை வாங்கிப் பழுதாக்கிவிட்டு அவர்மேல் பொய்ப் பழி போட்டார் என்று எழுது. அப்பா என்று மட்டும் எழுதி விட்டுவிடாதே. அந்தப் பிள்ளையின் பெயர் இரண்டு வாரமாக அங்கே கிடந்தது, என் பெயரையும் முழுதாகப் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலுக்குள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யாதே. கதிர்காமக் கந்தன் உனக்குத் துணை இருக்கட்டும். எழுதி முடித்ததும் பிரேமிளாவுக்குச் சொல், அவள் அதைத் திரையில் எனக்குக் காட்டுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்தையா வீரய்யா