ரெஜினாவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த ஷவர் குமிழ்

ஜென்சி அப்பாவுக்கு, உங்கள்மேல் ஆசையும் ஆத்திரமும் தீராதவள் எழுதுகிறேன்.

உங்கள் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்குக் கோலாரிலிருந்து வந்த உங்கள் தங்கை, நம் குளியலறையில் ஷவரில் குளித்துவிட்டுப் போனாள். அதன்பிறகு என்னால் வாளியில் தண்ணீர் பிடிக்க முடியவில்லை. குழாயைத் திறந்தால் தலையில் கொட்டுகிறது. நடுவில் இருக்கும் குமிழைக் கொஞ்சம் திருகினேன். மேலேயும் கீழேயும் நூல்போல ஒழுகியது. குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று, கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட வந்த கீழ்வீட்டு ரெஜினா அடுப்பைப் பார்த்தாள். நேராகக் குளியலறைக்குப் போய் அந்தக் குமிழை முழுசாகத் திருப்பினாள். வாளி நிரம்பியது.

"குழா நல்லாத்தான் இருக்குதுக்கா. இது டைவர்ட்டர். தண்ணிய நிறுத்தாது, வழிய மட்டும் மாத்தி விடும். ஒண்ணு ஷவருக்கு, இல்லன்னா வாளிக்கு. நீங்க பாதியில வுட்டதால ரெண்டு பக்கமும் பிரிஞ்சிடுச்சு. எங்க வீட்டுது இறுகிப்போனப்ப சார் கழட்டிக் காட்டினாரு."

காட்டினீர்களா? எவ்வளவு நேரம் காட்டினீர்கள்? போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்தால் வினிகரில் ஊறவைக்க வேண்டும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களோடு குடும்பம் நடத்திய எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

நீங்கள் ஷவர் ஆசாமி, நான் வாளிக்காரி. நீங்கள் குளித்து முடித்ததும் நான் கூப்பிடுவேன். ஈரத் துண்டோடு வந்து ஏதோ செய்து, என் வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். எனக்குச் சொன்னால் புரியாது என்று நினைத்தீர்களா? அவள் மட்டும் என்ன பெரிய புத்திசாலியா? வயிறு எரிந்தது. அவளுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "எனக்கு ஏன்மா இதைச் சொல்லல அவரு?"

"நானும் அக்காவுக்குக் காட்டுங்க சார்னு சொன்னேன்கா. வேணாம்மா, இதையும் கத்துக்கிட்டா அப்புறம் அவ என்னை எதுக்குக் கூப்பிடுவான்னாரு."

அழுதேன். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பொறாமை போகவில்லை. குழாய் விஷயத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போங்கள். இந்த ஒரு வார்த்தையை என்னிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதையும் அவளிடம்தானா சொன்னீர்கள்?

இப்போது எனக்கும் அதைத் திருப்பத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் உங்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அதில் கை வைப்பேன். கீழ்வீட்டு ரெஜினாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்களைக் கட்டிக்கொண்டவள்,
ஜென்சி அம்மா