செவலையின் இமையில் கடுகளவு மிச்சம்

அன்புள்ள கன்னியம்மா அக்கா,

நீங்கள் போன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு எட்டியது. பிள்ளைப்பாக்கத்துக்கு ஓடி வந்தேன். உங்கள் மகள் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். "அம்மா உங்களப் பத்திப் பேசிகினே இருக்கும் சார்" என்றாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்கு நான் புதிது. உங்கள் செவலைப் பசுவின் கண்ணிமையில் எலுமிச்சை அளவு புற்றுக்கட்டி. அறுத்தெடுத்தேன், மறுபடி வளர்ந்தது. அடிமாட்டு வியாபாரி உங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தான்.

கொல்லப்பட்ட பாக்டீரியாவைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்கும் சோதனை அப்போது நான் படித்த கல்லூரியில் நடந்துகொண்டிருந்தது. பலிக்குமா என்று எனக்கே தெரியாது. அதை மறைக்காமல் சொன்னேன்.

"செத்த கிருமி இன்னா வேலை செய்யும் சார்?"

"வேலை செய்யறது மாட்டோட உடம்புதாங்க. கிருமி வந்துடுச்சுன்னு சண்டைக்குக் கிளம்பும். அப்போ கட்டியையும் சேர்த்து அடிக்கலாம். அடிக்காமலும் போகலாம்."

செவலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தீர்கள். "போடு சார். கசாப்புக்குப் போறதுக்கு இது மேலு."

முதல் ஊசிக்கே முகம் வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் விஷத்தை ஏற்றிவிட்டார் என்று தெருவே பேசியது. நீங்களோ ஈரச்சாக்கால் அதன் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நாலாவது ஊசிக்குப் பிறகு கட்டி காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பூரிப்பில் உங்கள் எதிரிலேயே என் சிகிச்சைக் குறிப்பு நோட்டை விரித்து 'முழுக் குணம்' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன்.

"நில்லு தம்பி. இமைக்குள்ள கடுகாட்டம் ஒண்ணு கீது, தடவிப் பாரு. நீ முழுசுன்னு எழுதினா, அத்த நம்பி இன்னொருத்தன் அவன் மாட்டப் பாதியில வுட்டுடுவான்."

தடவினேன். இருந்தது. எழுதியதை அடித்தேன், இன்னும் இரண்டு ஊசி போட்டேன். பிறகுதான் அது அடியோடு போனது. செவலை அதற்கப்புறம் இரண்டு கன்று ஈன்றது.

அதே மருந்து போட்டும் பக்கத்துத் தெரு எருது செத்தபோது, "அத்தையும் எழுதினியா?" என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடமே போகாத உங்களுக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது அக்கா?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயை அடக்கும் வைத்தியம் இன்று மனிதர்களுக்கே வந்துவிட்டது. என் பழைய நோட்டுகளைத் தொகுத்துத் தரும்படி கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். பிழைத்த பசுவுக்கு எத்தனை வரி எழுதுகிறேனோ, செத்த எருதுக்கும் அத்தனை வரி எழுதுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத
தம்பி