எல்லாருக்கும் ஒரே துண்டு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லூயிஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். திரும்பவும் எடுத்து வேறு ஓரத்தில் வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, மனுஷன் ஏதோ வில்லங்கத்தோடு வந்திருக்கிறார் என்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனதிலிருந்து மாதா கோயில் ஆட்களோடு புழல் ஜெயிலுக்குப் போய்க் கைதிகளிடம் பேசிவிட்டு வருகிறார். நல்ல காரியம். நான் ஒரு நாளும் குறுக்கே நின்றதில்லை.

"ஐரீனு, மெஸ்ஸுக்கு மாஸ்டர் தேடிக்கினு இருந்தியே. ஒருத்தர் கீறாரு. பதினொரு வருச அனுபவம்."

"எந்த ஓட்டல்ல?"

மறுபடியும் செருப்பை நகர்த்தினார். ஜெயில் கிச்சனாம்! போன வாரம் விடுதலையாம்! மாதாவே, இந்த ஆளைக் கட்டிக்கொண்டு நான் படும் பாடு.

ஆகஸ்ட் 14, புதன்

வந்துவிட்டார். பெயர் சுப்பராயன். வியாசர்பாடிக்காரர், ஐம்பது தாண்டியிருக்கும். என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்கக் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தேன். நாற்காலியில் உட்காராமலே அவர் சொல்லிவிட்டார்: "நானே சொல்லிடறேம்மா. தெருச் சண்டையில ஒரு ஆளு செத்துட்டான். அடிச்சது நான்தான்." வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நாற்பது பேருக்கு சாம்பார் வைக்கச் சொன்னேன். பெரிய அண்டா எங்கே என்று கேட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? ஜெயில் அளவுக்கு வைத்துவிட்டார். மாலையில் ராயபுரத்துத் தெரு முழுக்க எங்கள் சாம்பார். யார் வீட்டுக்கதவைத் தட்டினாலும், "ஏற்கெனவே குடுத்துட்டீங்கக்கா" என்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தண்ணீர் குடிக்கவும் என்னிடம் உத்தரவு கேட்கிறார். "அம்மா, குடிச்சிக்கட்டுமா?" குடிங்க சாமி, குடிங்க! இரவுச் சாப்பாட்டை ஜெயில் நேரப்படி மாலை ஐந்து மணிக்கே முடித்துவிடுகிறார். அதெல்லாம் போகட்டும். பிரச்சினை மீனில்தான்.

என் மெஸ்ஸில் ஒரு முறை உண்டு. தினமும் வரும் லாரி டிரைவர்களுக்கு நடுத்துண்டு. புதிதாக வருகிறவர்களுக்குத் தலைப்பக்கம். கடனுக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு வால். ஊரில் எல்லா மெஸ்ஸிலும் இதுதான் நடக்கிறது. இவரோ வஞ்சிரத்தை அறுக்கும்போதே வால் பக்கம் கனமாக, நடுவில் மெல்லிசாக அறுக்கிறார். கையில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். எல்லாருக்கும் ஒரே அளவு! இலைக்கு ஒன்று, எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கன்டெய்னர் லாரி ஓட்டும் அமீர் எங்கள் மெஸ்ஸின் மாப்பிள்ளை மாதிரி. அவன் இலையைப் பார்த்து அலறினான்: "யக்கோவ், இன்னாக்கா இது? கிளீனருக்கும் எனக்கும் ஒண்ணா?"

ஆகஸ்ட் 21, புதன்

நாளை அந்த ஆளை நிறுத்திவிடுகிறேன். முடிவு.

ஆகஸ்ட் 22, வியாழன்

நிறுத்தவில்லை.

வாயைத் திறக்கப் போனேன், லூயிஸ் என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனார். சுப்பராயனுக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். எழில்மொழி. தண்டையார்பேட்டையில் ஸ்கேன் சென்டரில் வேலை. அம்மா இறந்தபிறகு சித்தி வளர்த்த பெண். அப்பாவைப் பார்க்க ஜெயிலுக்கு ஒரு தடவையும் போனதில்லை. லூயிஸ் போய்ப் பேசியிருக்கிறார். "எந்த வேலையிலயும் நிலைச்சி நின்னதில்ல அங்கிள் அவரு. வெளிய வந்து கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரே எடத்துல வேல செய்யட்டும். அப்ப வந்து பாக்குறேன்" என்றாளாம்.

"இத்த ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்ப. அப்பறம் என்னிக்காவது சொல்லிக் காட்டுவ."

இப்ப மட்டும் சொல்லிக் காட்ட மாட்டேனா? கிறிஸ்மஸ் வரைக்கும் இந்த ஆளைத் துரத்தவும் முடியாது. நல்லா மாட்டிவிட்டிருக்கார் என்னை.

செப்டம்பர் 5, வியாழன்

கேட்டேவிட்டேன். அமீருக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன?

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ள ஒருத்தன் தட்டுல ஒரு துண்டு கூட விழுந்துச்சின்னா ரத்தம் வரும்மா. யாரு பெரிய கை, யாரு சின்னக் கைன்னு பார்த்து நான் வெச்சதே இல்ல. எங்கை அப்படியே பழகிடுச்சி."

நானும் விடவில்லை. "இது ஜெயில் இல்ல, மெஸ்ஸு." "சரிம்மா" என்றார். நாளை நடுத்துண்டு வரும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

வரவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

என்ன சொல்ல. எழுதவே கை வரவில்லை.

மதியம் கூட்டமான நேரம். ஏட்டு ரகுபதி யூனிஃபார்மோடு வந்தார். நல்ல மனுஷன், பார்சல் வாங்க வந்தவர்தான். சாதக்கூடையோடு வந்த மாஸ்டர் அவரைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். எல்லார் முன்னாலும் தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். ஜெயிலில் தலை எண்ணும்போது கைதிகள் உட்காருகிற மாதிரி.

ஒரு இலையிலும் கை அசையவில்லை. ரகுபதிக்கே முகம் வெளுத்துவிட்டது. "எழுந்திரிங்கண்ணே, எழுந்திரிங்க" என்கிறார், இவருக்குக் காது கேட்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டபிறகுதான் நிமிர்ந்தார். அப்போது அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது.

அமீர் என்னைக் கேட்டான்: "உள்ள இருந்து வந்தவராக்கா?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப? சோறு எறங்கலியா ஒனக்கு?"

கத்திவிட்டேன். என் சத்தம் கடல் வரைக்கும் போயிருக்கும்.

செப்டம்பர் 27, வெள்ளி

நாற்பது இலை போட்ட இடத்தில் இன்று ஒன்பது. அமீரும் வரவில்லை. மாஸ்டர் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒங்க யாவாரம் என்னால கெட வேணாம்மா. போயிட்டு வர உத்தரவு குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

இத்தனை நாளாக எதற்கெடுத்தாலும் உத்தரவு கேட்டவர். இன்றைக்குத்தான் அந்தப் பழக்கம் எனக்கு உதவியது. பையை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்! லூயிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

அக்டோபர் 9, புதன்

சொக்கம்மாள் வந்தாள். எங்கள் தெருவைப் பெருக்குகிறவள், ஒரு வாரமாகத் தனியாக வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்று தன் கூட்டத்தையே கூட்டி வந்துவிட்டாள், பன்னிரண்டு பெண்கள்.

"வேற கடையில டிரைவருக்கு நடுத்துண்டு, எங்களுக்கு வாலு. இங்க அல்லாருக்கும் ஒண்ணு போல கீது. ஜெயிலு கியிலுன்னு ஒரு கம்னாட்டி பேசட்டும், தொடப்பம் எங்கையிலதான் கீது."

இலை போதவில்லை. லூயிஸ் ஓடினார்.

அக்டோபர் 16, புதன்

மழை. கடைக்குள் முழங்கால் தண்ணீர். லீவு.

நவம்பர் 4, திங்கள்

கிளீனர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் வந்து நிரம்பிவிட்டார்கள். கிளீனர்கள் இங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி அடம்பிடித்ததில் வேறு வழியில்லாமல் அமீரும் வந்துவிட்டான். மெல்லிசான துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "பேஜாரா கீதுக்கா. ஆனா கொழம்பு சூப்பர்." சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினான், திருடன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மாஸ்டர் புதுச் சட்டை எடுத்திருக்கிறார். நீலம். கிறிஸ்மஸுக்காம். பிரிக்காமல் உறையோடு அரிசி டின் மேல் வைத்திருக்கிறார். "பொண்ணு வருவாளாம்மா?" என்று கேட்கவில்லை. சட்டையைத்தான் பார்க்கிறார்.

வரவில்லை என்றால்? எனக்கு பயமாக இருக்கிறது. நான் ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு பெண் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தோளில் பை, நெற்றியில் வியர்வை. சாப்பாடு என்றாள். நிறையப் பேர் வருகிறார்கள், நான் கவனிக்கவில்லை. மாஸ்டர் அழுக்குப் பனியனோடு குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். அமீருக்கு ஒன்று. சொக்கம்மாளுக்கு ஒன்று. கிளீனருக்கு ஒன்று. அந்தப் பெண்ணின் இலையில் ஒன்று வைத்தார், நின்றார், இன்னொன்று வைத்தார்.

"யக்கோவ்!" அமீர் எழுந்தே நின்றுவிட்டான். "அநியாயம்! அங்க மட்டும் ரெண்டு கீது!"

மாஸ்டர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். மாஸ்டருடைய அதே விரிந்த காது.

"ஒக்காருடா அமீரு. வாய மூடிக்கினு தின்னு" என்றேன்.

இரண்டு துண்டையும் முள் மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டாள். அளந்து அறுத்த மீன், எல்லாரும் போனபிறகு சட்டியில் ஒன்று குறைந்தது. மாஸ்டர் வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கை கழுவிவிட்டு வந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் மீன் கொழம்பா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், வழக்கம் போல.

"என்னை ஏன் பாக்கறீங்கண்ணா? ஒங்க பொண்ணு, ஒங்க அடுப்பு. நீங்களே சொல்லுங்க."

"ஆமாம்மா, மீனுதான்" என்றார் அவளிடம்.

காலையில் காசிமேட்டில் பெரிய வஞ்சிரமாக வாங்க வேண்டும்.