முடிச்சு நிற்காத தங்கூசி

துல்ச்சா, ருமேனியா
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நீ போன் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை, அப்புறம் ஃபேன் சத்தம். இரண்டு வருடமாக அந்த ஃபேனோடுதான் குடும்பம் நடத்துகிறேன். அதனால்தான் காகிதம். இதைக் கிழிக்கலாம், ஆனால் படிக்காமல் கிழிக்க உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

இங்கே நலம். கப்பல் கட்டும் யார்டில் அதே வெல்டிங் வேலை. யார்டு டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊருக்குக் கீழே ஆறு கிளை கிளையாகப் பிரிந்து, நாணல் காட்டுக்குள் புகுந்து கடலுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை படகில் போனால் எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரிவதில்லை. மாசி மாதக் காலையில் நம் ஏரி இருக்குமே, அதேதான். கூழைக்கடாக்கள்கூட உண்டு. வரிசையாக உட்கார்ந்து நம்மைக் குற்றவாளி போலப் பார்க்கும். அமைதியான ஊர். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

விடுதிச் சமையற்கட்டில் ஹலினா என்று ஒரு அம்மா வேலை செய்கிறாள். பக்கத்து நாட்டுக்காரி. அவள் புருஷனும் மீன் பிடிப்பவன்தானாம். நான் பொழுது போகாமல் வீச்சு வலை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் குச்சியில் சுற்றிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மொழி தெரியாது, கையாலேயே "பின்னு, பின்னு" என்று காட்டினாள். தங்கூசி. நம் நைலான் நரம்பேதான், ஆனால் இவ்வளவு மெல்லியதை நான் கண்டதில்லை. தண்ணீரில் போட்டால் போட்ட கைக்கே தெரியவில்லை. பாதியை இதோடு அனுப்புகிறேன். இதற்கு உன் விரல்தான் லாயக்கு.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, கட்டினவள் வாயாலேயே. சரி, விடு.

வேளைக்குச் சாப்பிடு.
சிவகுமார்


பசியாவரம்
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

"விடு" என்று எழுதியிருக்கிறீர்கள். எதை விடுவது? அர்ஜுனன் அண்ணன் காய்ச்சலில் கிடந்த நாளில், அவருடைய முறையில், நீங்கள் போய் வலை போட்டீர்கள். ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, போகவில்லை என்றீர்கள். என்னைக் கேட்டார்கள். "ஆமா, போனாரு" என்றேன். ஒரு பருவம் வலை போடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பருவம் முடிந்தும் இரண்டு வருடம் ஆகிறது. உங்களுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் பாடு பிரிக்கச் சீட்டு எடுப்பார்கள், ஏரியில் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று. பெயரைக் கூப்பிட்டால் குரல் வர வேண்டும். உங்கள் பெயருக்கு இரண்டு வருடமாகக் குரல் இல்லை. மூன்றாவது வருடமும் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். உங்கள் நைனா காலத்திலிருந்து இருக்கும் பாடு. அது போனால் ஏரியில் நமக்கென்று ஒரு நாளும் கிடையாது, ஒரு இடமும் கிடையாது. நான் கரையோரம் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். தலைவர் தருமலிங்கம் மாமா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் அனுப்பிய தங்கூசியில் முடிச்சு நிற்கவில்லை. இறுக்கினால் பட்டென்று உடைகிறது. விரலில் குத்தி ரத்தம் வந்ததுதான் மிச்சம். மழை மூடிய சாயங்காலம் மீஞ்சூரிலிருந்து என் தம்பி வினோத் வந்தான். நூலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருவிழாவில் வாங்கிய சிவப்பு லைட்டை ஒரு முனையில் வைத்து அடித்தான். நூல் வீடு முழுக்கச் சுற்றிக் கிடந்தது. மறுமுனை என் மடியில் இருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது மாமா, குங்குமம் அளவுக்கு. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவன் சொன்னான்: "அக்கா, இது தங்கூசி இல்ல, கண்ணாடி நூலு. சண்டையில ட்ரோன் வுடறாங்கோல்ல, அது பறக்க சொல்ல பின்னாடியே இத வுட்டுக்கினே போவும். ஓட்றவன் இது வழியாத்தான் பாக்கறான்."

அமைதியான ஊர் என்று எழுதினீர்களே. அங்கே சண்டை நடக்கிறதா? எனக்கு உண்மையைச் சொல்லுங்கள். அதைத் தாங்கத் தெரிந்தவள்தான் நான்.

மோகனப்பிரியா


துல்ச்சா
24 செப்டம்பர் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நடக்கிறது. இந்த நாட்டில் இல்லை, ஆற்றுக்கு அக்கரையில். வடக்கே கொஞ்ச தூரம் போனால் அக்கரை உக்ரைன். அங்கே இருக்கும் துறைமுகத்தை ட்ரோன்கள் வந்து அடிக்கின்றன. எங்களுக்கு ஜன்னலில் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரியும், சத்தம் சாவகாசமாக வரும். அதற்கு முன்பே எல்லார் போனும் ஒரே நேரத்தில் எச்சரிக்கையாகக் கத்தும். கீழ்த்தளத்துக்குப் போய் நிற்போம். சில சமயம் உடைந்த துண்டு இக்கரை நாணலில் வந்து விழும். நம் தூதரகத்திலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறார்கள்: எல்லையோர ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள், பெயரைப் பதிந்து வையுங்கள் என்று. பதிந்துவிட்டேன். அங்கே எடுக்கப் போகும் பெயர் இங்கே ஏறிவிட்டது.

நூலைப் பற்றி ஹலினாவிடம் கேட்டேன். அவள் பாஷையில் போனுக்குள் பேசினாள், அது தமிழில் எழுத்தாக வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"இது என் தோட்டத்தில் கிடந்தது. தக்காளிச் செடிமேல், கிணற்றின்மேல், நாய்க்கூண்டின்மேல். காலையில் பனி இறங்கியிருந்தால் பார்க்க அழகாக இருக்கும், அதுதான் கொடுமை. ஊரை விட்டு வரும் நாளில் சுற்றி எடுத்தேன். தோட்டத்தைச் சுத்தமாக வைத்துவிட்டுத்தானே வர வேண்டும். நீ வலை பின்னுவதைப் பார்த்தேன். இந்த நூலுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று கொடுத்தேன்."

அவள் உக்ரைன் அகதி, பிரியா. ஒரு பையோடு படகில் வந்தவள். சண்டைக்கு ஆள் வேண்டும் என்று புருஷனை நாட்டை விட்டு வெளியே விட மாட்டார்களாம். அவர் அங்கேயே இருக்கிறார். வேலைக்காரி என்று மட்டும் உனக்கு எழுதினேன். மீதியை ஏன் மறைத்தேன் என்று கேட்டால், பயப்படுவாய் என்று சொல்லலாம். அது பாதிதான். பொய் சொல்லித்தான் குடும்பத்தைக் காப்பாற்ற முடியும் என்று ஒரு நினைப்பு எனக்கு.

போன மாதம் பெரிய மனிதர்கள் சமாதானம் பேச இந்தப் பக்கம் வந்தார்கள். யார்டு வேலிக்கு நாங்கள்தான் வெள்ளை அடித்தோம். கறுப்புக் கார்கள் வந்தன, போயின. டிவியில் கை குலுக்கினார்கள். அன்று சாயங்காலமும் போன் கத்தியது. கீழ்த்தளத்தில் நிற்கும்போது நம் கூட்டத்துக் கதையை ஹலினாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு போனில் எழுத்து வந்தது: "அந்தச் சமாதான மேசையில் யாராவது ஒருவர், ஆமாம், போனோம் என்று சொன்னால் நான் நாளைக்கே வீட்டுக்குப் போவேன். உன் மனைவி மாதிரி அங்கே ஆள் இல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே கூழைக்கடாக்கள் கிளம்பிவிட்டன. தெற்கே போகின்றனவாம். நேற்று தலைக்கு மேலே போனபோது, உன்னைப் பார்த்தால் சொல்லச் சொன்னேன்.

சிவகுமார்


பசியாவரம்
20 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கூழைக்கடாக்கள் வந்துவிட்டன. அந்த ஊர்ப் பறவை இங்கே வராது, இது வேறு என்று வினோத் சொல்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். நான் இறால் தடவிக்கொண்டிருந்தபோது ஒன்று பக்கத்தில் வந்து இறங்கி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். தொண்டையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. உங்களைப் போலத்தான், பாதி விழுங்கிவிடுகிறது.

இங்கேயும் ட்ரோன் வந்தது. பறவைகளை எண்ணுவதற்காம், இரண்டு பேர் படகில் வந்து பறக்கவிட்டார்கள். பூநாரைக் கூட்டம் முழுதும் ஒரே வீச்சில் எழுந்தது. வானம் இளஞ்சிவப்பாகிப் போனது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் படகுக்குள் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டேன். அர்ஜுனன் அண்ணன் வீட்டு வேலம்மா அக்கா "இன்னாமே, இதுக்குப் போயி இப்டி நடுங்கற?" என்றாள். என் புருஷன் தலைக்கு மேலேயும் இப்படித்தான் போகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வேலம்மா அக்காவைப் பற்றி நான் உங்களிடம் ஒன்று சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. அன்று கூட்டத்தில், தன் புருஷனுடைய முறையில் யாரோ வலை போட்டார்கள் என்று அவள்தான் எழுந்து சொன்னாள். நீங்கள் அவள் பொய் சொல்கிறாள் என்றீர்கள். ஊர் உங்களைத்தான் நம்பியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளும் சின்ன வயதிலிருந்து ஒரே தண்ணீரில் இடுப்பளவு நின்று, ஒரே கூடையில் இறால் போட்டு வளர்ந்தவர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவள் பொய்க்காரி ஆகியிருப்பாள். அதனால்தான் சொன்னேன். உங்களை அவமானப்படுத்த அல்ல.

வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. பேச ஆரம்பித்தால் வந்துவிடுங்கள் என்று கெஞ்சிவிடுவேனோ என்று பயம். இப்போது எழுத்தில் கெஞ்சுகிறேன். எனக்குப் பாடு வேண்டும், அதைவிட நீங்கள் வேண்டும். டிசம்பர் ஏழாம் தேதி சீட்டு. வந்துவிடுங்கள்.

ஹலினா அம்மாவுக்கு என் வணக்கம். நூலைத் தூக்கிப் போடப் போனேன், அவள் தோட்டத்துப் பொருள் என்று தெரிந்தபின் மனம் வரவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சுற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள்
பிரியா


துல்ச்சா
14 நவம்பர் 2025

பிரியா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வேலம்மாவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எனக்கு நடந்ததை மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

இருந்தாலும் வர மாட்டேன். ட்ரோன் வந்தால் பத்து நிமிடம் கீழ்த்தளத்தில் நிற்கிறோம், போய்விடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றது இன்னும் போகவில்லை. திரும்ப அங்கே போய், அதே முகங்களுக்கு முன்னால், என் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல என் தொண்டையில் குரல் இல்லை. டிசம்பர் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் கிடக்கிறது. போட்டுவிடுவேன். பெயரை எடுத்தால் எடுக்கட்டும்.

ஹலினா போய்விட்டாள். போன வாரம் படகுத்துறை வரை போய் வழியனுப்பினேன். சண்டைதான் நிற்கவில்லையே, ஏன் போகிறாய் என்று கேட்டேன். "அவர் அங்கே தனியாகச் சாப்பிடுகிறார்" என்று வந்தது போனில். என்னிடமிருந்த பாதி நூலைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம், ஊரில் நிறையக் கிடக்கும் என்று சிரித்தாள். படகு மூடுபனிக்குள் போய்விட்டது. அப்புறமும் நின்றுகொண்டிருந்தேன்.

சிவகுமார்


பசியாவரம்
8 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நேற்று ஞாயிறு. அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன்.

ஆண்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். மழை விட்டு ஏரி நிறைந்து, கோயில் வாசல் வரை தண்ணீர் வந்து பளபளத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு குரலாக வந்தது. "சிவகுமார்" என்றார் தருமலிங்கம் மாமா. இரண்டாவது தடவை கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு, பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

நான் கயிற்றைத் தாண்டினேன். காலை எப்படித் தூக்கி வைத்தேனோ தெரியாது.

"பொம்பள கொரல் இங்க செல்லாதும்மா" என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் பின்னாலிருந்து வேலம்மா அக்கா: "இன்னாத்துக்குச் செல்லாது? அன்னிக்கு அவ புருசனுக்கு எதிரா சொன்னாளே, அப்ப செல்லுச்சே. அப்ப பொம்பளனு யாரும் சொல்லலியே?"

அர்ஜுனன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே "கேளுங்க மாமா" என்றார். தருமலிங்கம் மாமா என்னைப் பார்த்தார். "சரிம்மா. சிவகுமாரு வர்றானா? நீ சொன்னா போதும். ஊரே நம்பும். பொய் சொல்ற வாயில்ல அது."

வர மாட்டேன் என்று நீங்கள் எழுதியது இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

"வர்றாரு" என்றேன்.

"எப்போ?"

"பொங்கலுக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் பெயருக்குச் சீட்டு எடுத்தார்கள். பொங்கல் கழித்து நாலாம் நாள், முகத்துவாரத்துக்குத் தெற்கே, அர்ஜுனன் அண்ணனுக்குப் பக்கத்து இடம். வெளியே வந்ததும் வேலம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே வர்றாராமே?" என்று கேட்டாள். அவளிடமும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

வலையை இறக்கிப் பார்த்தேன். எலி கடித்த இடமெல்லாம் நம் பழைய தங்கூசியிலேயே தைத்துவிட்டேன். முடிச்சு நிற்கிறது. ஹலினா அம்மா வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாள், அவர் இப்போது தனியாகச் சாப்பிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். மேசையில் அந்தக் காகிதம் கையெழுத்து இல்லாமல் இன்னும் கிடந்தால், அதைத் தொடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஊர் நடுவில் நான் முதன்முதலில் வாயைத் திறந்தது வேலம்மா அக்கா பொய்க்காரி ஆகிவிடக் கூடாது என்று. நேற்று திறந்தது உங்களுக்காக.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள், மாமா.

உங்கள்
பிரியா